நான் பார்க்காத பின்பாதி

தோள்மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜெனி போனில் கூப்பிட்டாள். என் தங்கை மகள். சென்னையில் வேலை, ஓய்வு நேரத்தில் பழைய சினிமாக்களைப் பற்றிப் பேசி இணையத்தில் காணொளி போடுகிறாள். இந்த மாதம் குத்துச்சண்டைப் படங்களாம். அதிலும் ஓர் இளைஞன், அவனுக்கொரு குரு என்று வருகிற வகை மட்டும். ஒன்பது வருடம் நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதியவன் என்பதால் என்னிடம் ஆலோசனை. ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரனிடம் யாராவது ஆலோசனை கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முக்கால் மணி நேரம் பேசினேன்.

குரு முதலில் கற்றுத்தர மறுப்பார். மூன்றாவது முறை கேட்டதும் சம்மதிப்பார். பையன் கடற்கரையில் ஓடாமல் எந்தப் படமும் முடியாது. குருவின் தோளில் ஒரு துண்டு கிடக்கும், ஆனால் அது வியர்வை துடைக்க மட்டுமே. தன் ஆள் இனிமேல் தாங்கமாட்டான் என்று தெரிந்தால் அந்தத் துண்டை மேடைக்குள் எறிந்து சண்டையை நிறுத்தலாம் என்ற விதியைச் சினிமாக்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். குரு இடைவேளைக்கு முன் இருமினால், இடைவேளைக்குப் பின் செத்துப்போவார். இப்படியெல்லாம்.

ஜெனி சிரித்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, தூத்துக்குடியிலேயே எடுத்த படம் ஒண்ணு இருக்குல்ல? துறைமுகத்துல வேலை பார்த்த ஒருத்தர் குருவா நடிச்சது. எங்க தேடியும் கிடைக்கல. உங்க விமர்சனத்தை மட்டும் யாரோ ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. குரு கடைசியில செத்துருவார்னு எழுதியிருக்கீங்க. அதைத்தான் எல்லாரும் கதைச்சுருக்கமா எடுத்துப் போட்டிருக்காங்க. அந்தச் சாவு சீனை எப்படி எடுத்திருந்தாங்கன்னு சொல்லுங்களேன்."

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். உள்ளங்கையில் தைல வாடை இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். அது அவ்வளவு லேசில் போகிற வாடை இல்லை.

தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை நான். சினிமா பாவம் என்று சொல்லி வளர்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இருபத்து நான்காவது வயதில்தான் முதல் படம் பார்த்தேன். அப்படிப்பட்ட என்னிடம் விமர்சனப் பகுதியைக் கொடுத்ததற்குக் காரணம், வெள்ளிக்கிழமை மதியம் வேறு யாருக்கும் கை ஓயவில்லை என்பதுதான். துறைமுகச் செய்தி, உப்பு விலை, நகராட்சி எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

எங்கள் சினிமாப் பக்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பக்கம் மதுரையில் முடிவது மாலை ஐந்துக்கு. தூத்துக்குடியில் படத்தின் முதல் காட்சி தொடங்குவது மதியம் இரண்டரைக்கு. இடைவேளை நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரும். அப்போது எழுந்து சைக்கிளை எடுத்தால் நாலரைக்குள் எழுதி, ஃபேக்ஸில் அனுப்பிவிடலாம். படம் முடியும்வரை உட்கார்ந்தால் விமர்சனம் மறுவாரம்தான் வரும். முதல் மாதம் நான் உட்கார்ந்தேன். மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் போனில், "ஏலே, பாதியிலேயே கிளைமாக்ஸ் தெரியாமலா நீ விமர்சகன் ஆன?" என்றார். அதன்பிறகு உட்காரவில்லை. பின்பாதியைக் கணக்குப் போட்டு எழுதப் பழகிக்கொண்டேன். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்து நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

இன்றும் முட்டை பப்ஸ் வாடை வந்தால் எனக்கு எழுந்துபோகத் தோன்றுகிறது. தியேட்டரில் இடைவேளை மணிக்கு முன்பே அதை அடுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்தக் குத்துச்சண்டைப் படமும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சின்னப் படம், புது இயக்குநர். குருவாக நடித்தவர் நடிகரே அல்ல. லூர்து அண்ணாச்சி என்று ஊரில் சொல்வார்கள். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும் தளத்தில் வேலை பார்த்தவர், இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர். முன்பாதியில் அவர் இரண்டு முறை இருமினார். நான் குறிப்பேட்டில் 'இருமல்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். இடைவேளையில் கிளம்பினேன்.

சனிக்கிழமை வந்த என் விமர்சனத்தின் கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம். 'எதிர்பார்த்தபடியே குரு இறக்கிறார், எதிர்பார்த்தபடியே சீடன் ஜெயிக்கிறான். மரணக் காட்சியில் புதுமுகம் சற்று மிகையாக நடித்திருக்கிறார்.' அந்தச் 'சற்று' என்ற சொல்லுக்காக அன்று எனக்கு என்மேல் மரியாதைகூட இருந்தது. நிதானமான விமர்சகன்.

திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. பைக்குள் மடித்த எங்கள் பத்திரிகை. அறைக்குள் அவருக்கு முன்னால் தைல வாடை வந்தது. புகைப்படக்காரர் செல்வம் நாற்காலி போட்டார். உட்கார்ந்து, ஒருமுறை இருமி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையில் லேசான கறுப்பு. படத்தில் இருமியதும் இதே இருமல்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது. அது கதையில் இல்லை. நிலக்கரித் தூசியில் முப்பது வருடம் நின்றவருக்குத் தானாக வந்தது.

"தம்பி, இடைவேளைக்குப் பெறவு இருந்தியளா?"

"இருந்தேன் அண்ணாச்சி."

கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப நான் நல்லாச் செத்தேனா?"

செல்வம் சிரித்துவிட்டார். வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாப் பண்ணியிருந்தீங்க" என்றேன்.

"மிகைன்னு போட்டுருக்கியளே."

"சற்றுன்னுதான் அண்ணாச்சி."

"அந்தப் படத்துல நான் சாகல தம்பி." குரலை உயர்த்தவில்லை. செல்வம் எழுந்து கேமராப் பையைத் தேடப் போய்விட்டார்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் ஒரு விஷயம் சொன்னார். "கீழவைப்பார்ல கஸ்பார்னு ஒருத்தன் இருக்கான். என்கிட்டப் படிச்சவன். திருநெல்வேலில ஒரு போட்டி. ஜெயிச்சா அவனுக்கு ஒரு வேலைக்கு வழி இருந்துச்சு. மூணாவது ரவுண்டுல அவனால முடியலைன்னு எனக்குத் தெரியும். துண்டு என் கையிலதான் இருந்துச்சு. நான் எறியல. ஒரு கண்ணு போயிட்டு. அவன் என்கிட்டப் பேசி ஆறு வருசம் ஆச்சு."

இயக்குநர் நடிக்கக் கூப்பிட்டபோது, கடைசியில் குரு துண்டை எறிகிற மாதிரி வைத்தால் வருகிறேன் என்று சொன்னாராம். அதற்காகத்தான் நடித்தாராம். யார் யாரையோ பிடித்துக் கஸ்பாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாராம்; ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு வருகிறேன் என்று அவனும் ஒத்துக்கொண்டிருந்தானாம்.

"சனிக்கிழமை ஒங்க பேப்பரைப் பாத்துருக்கான். 'அந்த ஆளு சாவுததுக்கு மேளத்தோட பாட்டு வேற போட்டிருப்பான், அதை நான் போயி பாக்கணுமாக்கும்'னு சொல்லிவிட்டுட்டான். வரல." பையிலிருந்த பத்திரிகையை எடுத்து என் மேஜையில் வைத்தார். "வியாழன் வரைக்கும் படம் ஓடும்னு சொல்லுதாவ. ஒரு வரி போடுங்க. குரு சாகலைன்னு ஒரு வரி. போதும்."

"ஆசிரியர்ட்டக் கேக்கேன் அண்ணாச்சி."

கேட்கவில்லை. திருத்தம் போட வேண்டுமானால் தப்பு எப்படி வந்தது என்று மதுரைக்கு எழுதித்தர வேண்டும். பாதிப் படம் பார்த்து எழுதச் சொன்னவர்கள் அவர்களேதான் என்றாலும், காகிதத்தில் வந்துவிட்டால் நான்தான் பொய்யன். செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வியாழக்கிழமை துறைமுகத்துக்கு ஏதோ அமைச்சர் வந்தார்; அதைக் காரணமாக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போனபோது வாசலில் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தது. படம் ஓட்டும் ஆபரேட்டர் மாடிப்படியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். போன வாரப் படத்தின் பின்பாதி என்ன என்று கேட்டேன். "என்ன சார், நீங்கதான் எழுதிட்டியளே" என்று கேலி செய்துவிட்டுத்தான் சொன்னார்.

"மூணாவது ரவுண்டுல துண்டை எறிஞ்சிருதாரு. சண்டை நின்னு போவுது. பய தோத்துட்டான். கோவத்துல அவர் சட்டையப் பிடிக்கான். அவரு அவன் முகத்தைப் பிடிச்சு ஒரு கண்ணை விரிச்சுப் பாக்காரு, பெறவு மறு கண்ணையும் பாக்காரு. 'ரெண்டும் இருக்குலே'ங்காரு. அம்புட்டுதான் படம். அந்தப் பேச்சு அவரே பேசுனதாம், டைரக்டர் எழுதலையாம். பாட்டு மேளம் ஒண்ணும் கிடையாது. சின்னக் கூட்டந்தான், ஆனா விளக்கு போட்டும் ஒருத்தனும் எந்திரிக்கல."

அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் புதுப்படம் பார்த்தேன். இடைவேளையில் கிளம்பினேன்.

சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. லூர்து அண்ணாச்சி உண்மையாகவே இறந்தது, என் விமர்சனத்தில் செத்துப் பதினோரு வருடம் கழித்து. அப்போது நான் செய்தி மேஜையில், வரும் செய்திகளைத் திருத்துகிற வேலையில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த நிருபர் மரணச் செய்தி அனுப்பியிருந்தார்: 'திரைப்படத்தில் சீடனுக்காக உயிர்விடும் குருவாக நடித்துப் புகழ்பெற்றவர்.' பழைய கோப்பில் தேடி என் விமர்சனத்திலிருந்து எடுத்திருக்கிறார். நல்ல நிருபர் அப்படித்தான் செய்வார். அந்த வரியில் என் பேனா நின்றது. அடித்தால் ஏன் என்று கேட்பார். அந்த வாக்கியத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

ஜெனியை மறுநாள் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சரி மாமா, இதை அந்தக் கஸ்பார்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். ஒன்பது வருட விமர்சகனுக்குத் தோன்றாத கேள்வி. தோன்றாமல் பார்த்துக்கொண்ட கேள்வி என்று எழுதுவதுதான் சரி.

போன வாரம் கீழவைப்பாருக்குப் போனேன். படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற இடம் வைத்திருக்கிறார் கஸ்பார். ஐம்பதைத் தாண்டியவர், இன்னும் அகலமான தோள். ஒருபக்கம் திரும்பி நின்று பார்வை இருந்த கண்ணால் என்னைப் பார்த்தார். நான் யார், என்ன எழுதினேன் என்று சொன்னேன். ஆபரேட்டர் சொன்ன பின்பாதியை, கூட்டாமல் குறைக்காமல், ஒரு செய்தியைச் சொல்வது போல வரிசையாகச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டும் இருக்குலேன்னா சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாராம்."

ஐஸ் தூளைக் காலால் ஒதுக்கினார். "துண்டை எந்தக் கையால எறிஞ்சாரு?"

அவரே தன் இடது கையை நீட்டிக் காட்டினார்.

"அன்னைக்கு எடது கையில வச்சிருந்தாரு. நான் பாத்தேன். அடி வாங்கிட்டே அவர் கையத்தான் பாத்துட்டு இருந்தேன். எடது கையில சுத்தி வச்சிருந்தாரு, எறியல. படத்துல எந்தக் கை?"

"எனக்குத் தெரியாது. நான் பாக்கல."

"பாக்கலியா?"

"இடைவேளையில எந்திரிச்சுப் போயிட்டேன்."

அவர் திட்டவில்லை. "பெறவு எதுக்குண்ணாச்சி இம்புட்டு தூரம் வந்திய?" என்றார், வண்டியைத் தவறவிட்டவரிடம் கேட்பது போல. ஒரு படகுக்காரர் கூடையோடு வந்து நின்றார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஆபரேட்டர் இப்போது உயிரோடு இல்லை. இயக்குநர் அடுத்த படம் எடுக்காமலே எங்கோ போய்விட்டார். படச்சுருள் பெட்டிகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. தியேட்டர் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்; மாடிப்படியில் மூன்று படி மட்டும் சுவரோடு மிச்சமிருக்கிறது. அந்த ஒரு வாரம், விளக்கு போட்டும் எழாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னக் கூட்டம் இந்த ஊரில்தான் எங்கோ இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் உள்ளே இருந்தபோது நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.