திரை போட்ட கடை

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சாவி வெட்டுகிறேன். அந்தப் பக்கம் அவள் முடி வெட்டுகிறாள். அதனால் நான் அவளுக்குச் சாவியக்கா, அவள் எனக்குக் கத்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் இருவருக்கும் உண்டு. கரண்ட் பில்லில் இருக்கிறது, போதாதா?

என் கடைக்குக் கதவு கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் தெரு உள்ளே வந்துவிடும். அவள் கடைக்குக் கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் தரை தொடும் பச்சைத் திரை. எங்கள் தெருமுனையில் ஒரு பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. அதைச் சேர்ந்த பெண்கள் தலையில் துணி கட்டாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். பெண்ணின் முடி வெளியே தெரியக் கூடாது, அதில் கத்தரிக்கோல் படவே கூடாது என்பது அவர்களுடைய பெரியவர் வைத்த சட்டம். பெரியவருக்கென்ன, அவர் தலையில் இருந்ததே நாலு முடி. துணிக்குள்ளே இருந்தாலும் முடி முடிதானே? நரைக்கும், நுனி வெடிக்கும், வெயில் நாளில் கழுத்தை அரிக்கும். அதனால் அந்தப் பெண்கள் காய்கறிப் பையோடு தெருவில் வருவார்கள். என் கடை முன்னால் நின்று, "இதுக்கு ஒரு நகல் போடுங்க" என்று வீட்டுச் சாவியை நீட்டுவார்கள். நான் மெஷினைப் போடுவதற்குள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்துத் திரைக்குள் நுழைந்துவிடுவார்கள். இந்தப் பேட்டையில் பல வீடுகளில் ஆளைவிடச் சாவி அதிகம். அதற்கு நான்தான் காரணம்.

திரைக்குள்ளே போனதும் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவர்கள் போடும் கூத்தைக் கேட்க வேண்டுமே! சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். எனக்கு எல்லாம் கேட்கும். மாமியார் முதல் மருமகன் வரை யாரையும் விட மாட்டார்கள். கடவுள் இருக்கிறாரா என்பதுகூட அங்கே பேச்சில் அடிபடும். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறும், இன்னொருத்தி முதுகில் தட்டுவாள். முடிந்ததும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். வந்ததும் முகம் இறுகிவிடும். என்னிடம் சாவியை வாங்கும்போது யாரோ வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் போல நிற்பார்கள்.

கடை போட்ட புதிதில் கத்திரிக்கு விவரம் போதவில்லை. மார்க்கெட்டில் தன் வாடிக்கைப் பெண் ஒருத்தியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "என்னக்கா, முடி கொட்டறது நின்னுச்சா?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்திலேயே புருஷன். "உன் முடி கொட்டறது இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் கேட்க, அந்தப் பெண் கத்திரியை ஏற இறங்கப் பார்த்து, "யாரோ பைத்தியம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாளாம். கொஞ்ச நாள் கழித்து அதே பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ வெளியில மட்டும் என்னைத் தெரியாத மாதிரி இரும்மா. வீட்டில பெரிய ரகளையாயிடுச்சு" என்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பல் பல்லாக அறுத்து அவள் சாவியைப் பாழாக்கியிருப்பேன்.

அன்றைக்குப் பிறகு கத்திரி தனக்கே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். யாருடைய பெயரையும் கேட்பதில்லை. சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்வாள். "தெரிஞ்சா வாயில வந்துடும்க்கா. தெரியலைன்னா வராதில்ல?" என்பாள். முடியை வைத்து அவளே பெயர் வைத்துக்கொண்டாள். சுருட்டை, செம்பட்டை, ஏறுநெற்றி, ரெட்டைச்சுழி. தெருவில் தலைத்துணி கட்டிய யாராவது எதிரே வந்தால் சட்டென்று சுவரைப் பார்ப்பாள், செருப்பைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள். அதில் அவ்வளவு தேறிவிட்டாள். அவள் தலை திரும்பும் வேகத்தைப் பார்த்து எனக்கே சில நேரம் சிரிப்பு வரும், பிறகு வயிறெரியும்.

அவளும் அந்தக் கூடத்துக் குடும்பம்தான். ஆனால் அவளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் அண்ணன் இந்தப் பேட்டைக்குக் குடிவந்தான், அதனால் இங்கே யாரையும் அவளுக்கு முன்பின் தெரியாது. கட்டிய இடத்தில் வாழ்க்கை சரியில்லாமல் திரும்பி வந்து, இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். அண்ணன் வாசலில் நிற்க வைத்தே, "நீ செத்துட்டேன்னு நினைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டான். அவன் பெண்டாட்டி மட்டும் மாதம் தவறாமல் திரைக்குள் வந்து நுனி வெட்டிக்கொண்டு போவாள். இதை எங்கே போய்ச் சொல்ல! கடைக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் சாயக்கறை படிந்த துண்டுகள். அதுதான் வீடு. காலையில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகப் பிரார்த்தனை செய்வாள்.

"உன்னைத் தள்ளி வெச்சவங்களோட பிரார்த்தனைய நீ எதுக்குப் பண்ற?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். எனக்குக் கடவுள் விஷயத்தில் பொறுமை போய் நாளாகிவிட்டது.

"தள்ளி வெச்சது அவங்கதானேக்கா? அவர் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

"அவர் எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதானே சௌகரியம்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தெருவில், பகலில், நாலு பேர் பார்க்க, அந்தப் பெண்களில் ஒருத்தி அவளை நின்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். நான் தினமும் ஷட்டரைத் தூக்கியதும் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேனே என்றால், "நீங்க கூப்பிடறது கணக்கில வராதுக்கா. நீங்க நாயைக்கூடத்தான் கூப்பிடறீங்க" என்பாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு மட்டும் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்?

எல்லோரிலும் அவளுக்கு நெருக்கம் ரெட்டைச்சுழி அக்காதான். அந்த அம்மா கூடத்தில் சின்னப் பெண்களுக்கு மதப் பாடம் எடுப்பவர். ‘முடியை மறைப்பதே பெண்ணுக்கு மரியாதை’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நேரே இங்கே வந்து கழுத்தளவு வெட்டிக்கொள்வார். உச்சியில் இரண்டு சுழி. ஒரு பக்கம் படிந்தால் இன்னொரு பக்கம் எழுந்துகொள்ளும். அந்த முடி கத்திரி கைக்கு மட்டும்தான் அடங்கும் என்று அவரே சொல்லுவார். வெட்டி முடித்த பிறகும் போக மாட்டார். கதவை உள்ளே பூட்டிவிட்டு இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். சுவரில் காது வைக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

"பிள்ளைங்ககிட்ட சொல்லும்போதே துணிக்குள்ள கழுத்து வேர்க்குது. பொய் சொல்றோமேன்னு இருக்கு" என்றார் ஒரு முறை.

"அப்ப சொல்லாதீங்கக்கா."

"சொல்லலைன்னா நான் யாரு? வீட்டில நான் ஒரு வேலைக்காரி. கூடத்திலதான் என்னை உட்காரச் சொல்றாங்க."

கத்தரிக்கோல் சத்தம் மறுபடி தொடங்கியது. பிறகு கத்திரி, "நான் வெட்டின முடிய நான் வெயில்ல பார்த்ததே இல்லக்கா. இந்த டியூப்லைட்ல எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றாள்.

பிறகு பெரியவர் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் சின்ன வயசுக்காரர், வெளியே படித்தவர். துணி கட்டுவதும் கட்டாததும் அவரவர் மனசு, முடி வெட்டினால் கடவுளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று ஒரு வழிபாட்டில் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அத்தனை காலம் கட்டிக் காத்த சட்டம், இருமலுக்கும் தொண்டை செருமலுக்கும் நடுவில் முடிந்துபோனது. நான் கத்திரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் வழிபாடு முடியும் நேரம் பார்த்து நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, கையில் சும்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். கூட்டம் எதிரே வந்தது. பாதிப் பேர் தலையில் துணி இல்லை. சுருட்டை வந்தாள், செம்பட்டை வந்தாள், அண்ணன் பெண்டாட்டியும் வந்தாள். ஒருத்தியும் நிற்கவில்லை. இத்தனை நாள் பயத்தில் பார்க்காதவர்கள், இப்போது வெட்கத்தில் பார்க்கவில்லை. ஒளிந்து வந்த இடத்தை யாருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் பிடிக்கும்?

மெயின் ரோட்டில் பெரிய கண்ணாடி போட்ட சலூன் ஒன்று திறந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் ரோட்டில் போகும் பஸ்ஸுக்கே தெரியும். எல்லோரும் அங்கே போனார்கள். சுதந்திரம் வந்துவிட்டது, சந்தோஷம்தான். நானும்தான் வேண்டாம் என்று சொல்லவில்லையே! ஆனால் அது வந்த வழியில் இவள் அடுப்பில் அல்லவா தண்ணீர் ஊற்றிவிட்டது? என் கடைக்கும் நகல் கேட்டு யாரும் வருவதில்லை.

ரெட்டைச்சுழி அக்கா மட்டும் வந்துகொண்டிருந்தார், அதே தலைத்துணியோடு. மறைக்கச் சொல்லிப் பாடம் எடுத்த வாயால் எப்படித் திறந்துகொண்டு நடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு ஆளுக்காகவா இந்தத் திரை? கழட்டிப் போடுடி, கடைக்கு வெளிச்சமாவது வரும்" என்று நான் கத்தினேன்.

"அவங்க எங்கக்கா போவாங்க?" என்றாள்.

ஒரு நாள் அந்த அம்மாவே முடிவைச் சொன்னார். மகள் வேலை பார்க்கும் ஊருக்கு அம்மாவையும் கூட்டிப் போகிறாளாம். இனி இங்கே திரும்புகிற மாதிரி இல்லையாம்.

"மகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. குளிச்சிட்டு வரும்போது பார்த்துட்டா. திட்டுவான்னு நினைச்சேன். ‘யாரும்மா இவ்வளவு அழகா வெட்டினது’ன்னு கேட்டா" என்றார்.

கத்தரிக்கோல் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நேர்ல காட்டறேன். ஞாயித்துக்கிழமை காலைல பெட்டியோட இந்த வழியாத்தான் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போவோம். உன் வாசல்ல நின்னு கூப்பிடறேன், தெருவே கேக்கற மாதிரி. துணி இல்லாம வரேன், பாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே பக்கத்துக் கடையில் திரை இல்லை. கழற்றி மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்து, வாசலைக் கழுவி, படியில் வந்து நின்றாள். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை. கையைத் துடைத்தாள், பிறகு மறுபடியும் துடைத்தாள்.

தெருமுனையில் அவர்கள் வந்தார்கள். மகள் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, அம்மா கைப்பையோடு. தலையில் துணி இல்லை. காலை வெயில் நேரே தலையில் விழுந்தது. நரையும் கருப்பும் கலந்து, கழுத்தருகே சீராக முடிந்த முடி. நடக்க நடக்க அசைந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. எங்கள் கடைக்கு எதிரே வந்ததும் அந்த அம்மா நின்றார். கையை உயர்த்தினார். "ஏம்மா!" என்று சத்தமாக, சொன்னபடியே தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

கத்திரி சட்டென்று சுவரைப் பார்த்தாள்.

என்னால் நம்பவே முடியவில்லை. சுவரைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மகள் ஏதோ கேட்டாள். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு கைப்பையிலிருந்து துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் உள்ளே பாய்ந்தேன். "அடிப்பாவி! உன்னைத்தான்டி கூப்பிட்டாங்க!"

அவள் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "பக்கத்தில ஆள் இருந்தாங்கக்கா" என்றாள். "பக்கத்தில ஆள் இருந்தாங்க. தலை தானாத் திரும்பிடுச்சு."

"ஓடு! இன்னும் ஸ்டாண்டுகூடப் போயிருக்க மாட்டாங்க. கூப்பிடு!"

வாசலுக்கு ஓடி வந்தாள். தெருக்கோடியில் டாக்ஸிக்குள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னன்னு கூப்பிடறதுக்கா?"

அக்கா என்று கத்தினால் தெருவில் பாதிப் பேர் திரும்புவார்கள். ரெட்டைச்சுழி என்று கத்த முடியுமா? நான்தான் ஏதேதோ கூவினேன். வண்டி கிளம்பிவிட்டது.

படியில் உட்கார்ந்தாள். நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. யாரைத் திட்டுவது? வழிபாட்டுக்குப் போகும் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்.

"நீங்க பார்த்தீங்களாக்கா? வெயில்ல எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"சுழிகிட்ட எழுந்துக்கலையே?"

"இல்ல" என்றேன். "நல்லாப் படிஞ்சிருந்துச்சு."