பழைய அலைவரிசையில் ஒருவர்

காட்டுக்குள் இருக்கும் காவலர்கள் நாள்தோறும் முதலில் கேட்கும் குரல் அவளுடையதாகத்தான் இருந்தது. வனத்துறை அலுவலகத்தின் வயர்லெஸ் அறையிலிருந்து ஒவ்வொருவரையும் அழைத்து நலம் கேட்பாள். அலைவரிசையை மாற்றும்படி உத்தரவு வந்ததும் அந்தப் பெருமை போயிற்று. புதிய கருவியில் பயிற்சி பெற்றவள் என்று அவளுடைய ஓரகத்தியைப் பக்கத்து அறையில் அமர்த்தினார்கள். ஓரகத்தியை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவள்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

கிடங்குக்குப் போகவேண்டிய பழைய பெட்டியைத் துடைக்கும் சாக்கில் ஒருநாள் அதை இயக்கிப் பார்த்தாள். வெறும் இரைச்சல். நடுவே இரண்டு தும்மல்கள். மலையுச்சிக் கோபுரத்தில் காட்டுத்தீயைக் கண்காணிக்கும் காவலர் அவர். பொத்தானை அழுத்தி இரண்டு முறை தும்மாமல் பேச்சைத் தொடங்கமாட்டார். தும்மலார் என்றே அவரை எல்லாரும் அழைத்தார்கள். விடுப்பில் இருந்துவிட்டு நேரே கோபுரத்துக்குப் போனவருக்கு மாற்றம் தெரியவில்லை. கைக்கருவியின் திருகை இரண்டாம் எண்ணுக்குத் திருப்பச் சொன்னால் போதும். அவளோ வழக்கம்போல் நலம் மட்டும் கேட்டாள்; அதைச் சொல்லவில்லை. ஒருவராவது தனக்கென்று இருக்கட்டுமே என்று மனம் அடம்பிடித்தது.

மறுநாள் மாலை, வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஓரகத்தி முகம் வாடிச் சொன்னாள்:

“கோபுரத்துலேர்ந்து பதிலே இல்லக்கா. நாளைக்கு ரெண்டு பேர மேல அனுப்பறாங்க. இவரும் போறாரு. வழியில கரடி திரியுதாம்.”

இவர் என்றது தன் கணவனை, இவளுக்குக் கொழுந்தன்.

“உன் பேச்சு பிடிக்காம கோச்சுக்கிட்டாரோ என்னவோ” என்றாள் இவள்.

“இருக்கும்க்கா. உங்கள மாதிரி எனக்குப் பேச வரல.”

குத்தலுக்குக்கூடப் பாராட்டைப் பதிலாகத் தருபவள்மேல் எப்படிப் பொறாமைப்படுவது? ஆனாலும் அது குறையவில்லை.

மறுநாள் கொழுந்தன் காலணியை மாட்டிக் கிளம்புவதற்கு முன்பே அவள் அலுவலகம் போய்ப் பழைய பெட்டியின் முன் உட்கார்ந்தாள். தும்மலாரிடம் திருகைத் திருப்பும் விதத்தைச் சொன்னாள்.

“அந்தப் பக்கம் யாரும்மா?”

“என் ஓரகத்தி.”

“உங்கள மாதிரி பேசுவாங்களா?”

பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

“பேசுவா. போங்க.”

பெட்டியில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. சிறிது நேரத்தில் சுவருக்கு அப்பால் ஒரு தும்மல் கேட்டது. உடனே ஓரகத்தி, “ஐயா, நல்லா இருக்கீங்களா?” என்று ஆவலோடு குறுக்கே பாய்ந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒருவர் சொன்னது மற்றவருக்கு எட்டவில்லை. ஓரகத்தி மறுபடி அழைத்தாள். மறுபடியும் முதல் தும்மலிலேயே முந்திக்கொண்டாள்.

தும்மலாவது கேட்டுவிட்டதால் கொழுந்தன் மலையேற வேண்டியதில்லை என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்து கதவுவரை போனாள். இரண்டாம் தும்மலுக்குக் காத்திருக்கச் சொல்ல வாயெடுத்தவள் திரும்பி வந்து, பழைய பெட்டியின் ஒயரைச் சுற்றத் தொடங்கினாள். அதையாவது ஓரகத்தி தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.