நின்றால் அணைந்துபோகும் பைக்கில் டோம்பிவிலிக்கு

பழைய மோட்டார் சைக்கிளை நம்பி வெளியூர் கிளம்பலாமா என்று அடிக்கடி எழுதிக் கேட்கிறீர்கள். தாராளமாகக் கிளம்பலாம். நான் போன முதல் நீண்ட பயணமே அப்படிப்பட்ட வண்டியில்தான். அறுபதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் செம்பூரிலிருந்து தானே நகரம், மும்ப்ரா வழியாக டோம்பிவிலிக்கு. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் வளர்ந்த நான், தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் முத்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்று டோம்பிவிலியில் வீடு வாங்கிப் போய்விட்டார். ஒரு வருஷம் கழித்து அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வாருங்கள், அப்பா சரி என்றுவிட்டார், பன்னிரண்டுக்குள் வந்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு அப்பா இலை முன் உட்கார்ந்துவிடுவார். தாமதமானால் அதையே சாக்காக வைத்து மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குர்லாவில் லோக்கல் ரயில் பிடித்தால் சுலபம். முத்து கேட்கவில்லை. "மாமனார் வீட்டுக்கு மொதமொதல்ல போறோம். சொந்த வண்டியில போய் எறங்குவோம்."

சொந்த வண்டி என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ பைக். முந்தின நாள்தான் முத்து அதன் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டியிருந்தார். ஓடும்போது குதிரை மாதிரி ஓடியது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் அணைந்தது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினால் நின்ற இடத்திலேயே அலறியது. காட்கோபரில் ஒரு தடவை, முலுண்டில் ஒரு தடவை, தானே நாக்கா சோதனைச்சாவடியில் லாரி வரிசைக்கு நடுவில் ஒரு தடவை நின்றது. சூடான எஞ்சினை உதைத்துக் கிளப்புவதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஸ்டேஷனுக்குப் போயிடலாமா?" என்றேன்.

"வண்டியை எங்க போட்டுட்டுப் போக? சரியாயிரும். இரு."

பயப்படவில்லை, இரண்டு பேருமே. ஆனால் கல்வா பாலத்தைத் தாண்டும்போது நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

மும்ப்ராவில் மலையை ஒட்டி மழை பிடித்தது. சாலையோர டீக்கடைக் கூரையின் கீழ் ஒதுங்கினோம். அணைந்தால் மறுபடி உதைக்க வேண்டுமே என்று முத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கி எஞ்சினை உயிரோடு வைத்திருந்தார். நான் குனிந்து புடவைத் தலைப்பைப் பிழிந்தேன். தண்ணீர் எஞ்சினும் கார்புரேட்டரும் சேரும் இடத்தில் விழுந்தது. தாறுமாறாக இருந்த சத்தம் சீரானது. சற்று நேரத்தில் பழையபடி தடுமாறியது.

"தண்ணி பட்டா சத்தம் மாறறது. கேட்டேளா?"

"மழைச் சத்தமா இருக்கும்."

டீக்கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதே இடத்தில் மெல்ல ஊற்றினேன். மறுபடி சீரானது. முத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காத்து இழுக்குது. அந்த ஜாயின்ட் வழியா காத்து உள்ள போகுது, தண்ணி அடைச்சா சரியாகுது. நான் ராத்திரியெல்லாம் ஸ்க்ரூவைத் திருகிட்டு கெடந்தேம்லா."

இரண்டு நட்டுகளைக் கழற்றினார். நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட் தாள் ஓரமாகக் கிழிந்திருந்தது. டீக்கடைக்காரர், "யே சலேகா, பாயி?" என்று, இது ஆகுமா எனக் கேட்டு, ஒரு சிகரெட் அட்டைப்பெட்டியை நீட்டினார். அட்டையை ஜாயின்ட் மேல் வைத்து ஸ்பேனரால் ஓரங்களைத் தட்டி அச்சு எடுத்தார் முத்து. நான் கடைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். கை கழுவும் சோப்பை இரண்டு பக்கமும் தடவி மாட்டினோம். ஒரே உதை. கையை எடுத்தார். வண்டி நின்றபடியே எஞ்சின் நிதானமாக ஓடியது. அவர் சிரித்ததை அன்று அப்போதுதான் பார்த்தேன்.

டோம்பிவிலியில் இறங்கியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அப்பா சாப்பிடாமல் காத்திருந்தார். ஆனால் முத்துவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று என்னிடம்தான் சொன்னார். முத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேண்டும் என்று என்னிடமே சொன்னார். அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அப்பா தெருவரை வந்தார். வண்டி அணையாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் முத்துவின் பக்கம் திரும்பினார். "ஸ்டேஷன்கிட்ட தயிர் வாங்கணும். என்னை ஏத்திண்டு போறேளா?"

என்னை இறங்கச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். தயிர் வாங்க ஐந்து நிமிஷம் போதும். நானும் அம்மாவும் வாசலில் நெடுநேரம் நின்றோம்.

இனி உங்களுக்கு. கார்புரேட்டரைக் கழற்றினால் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். நட்டுகளை அளவுக்கு மேல் முறுக்கினால் ஜாயின்ட் வளைந்துவிடும். ஸ்க்ரூவைத் திருகியும் மாற்றம் இல்லையென்றால், திருகுவதை நிறுத்திவிட்டு எங்கே காற்று நுழைகிறது என்று தேடுங்கள். ஓடும் எஞ்சினில் சந்தேகமான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். அட்டை கேஸ்கெட் வீடு திரும்பும்வரைதான் தாங்கும். அன்று பெட்ரோல் செலவு போக வர மூன்று ரூபாய்க்குள் முடிந்தது.

திரும்பும் வழியில் தானே நாக்காவில் கேட்டேன், அப்பா என்ன பேசினார் என்று.

"போகையில வாரையில பேசிட்டேதான் இருந்தாரு. காத்துல ஒண்ணும் காதுல விழலை. எல்லாத்துக்கும் சரி மாமான்னுட்டேன்."

எதற்குச் சரி சொன்னார் என்பது, அடுத்த வாரம் அம்மா செம்பூருக்கு வந்தபோதுதான் தெரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் நாங்கள் டோம்பிவிலியில் சாப்பிடுவதாக முத்து வாக்குக் கொடுத்திருந்தார்.