ஒரே வாத்தியார், ஒரே புத்தகம்

வில்டா ராட்லிஃபின் தாய்வழி, ஓடைக்கு மேலே இருக்கும் ஸ்லோன் குடும்பம். அவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவளுடைய பெரிய மாமா ஹோபர்ட், சுரங்க முதலாளியின் சட்டையைப் பிடித்த அன்றைக்குக்கூட முணுமுணுத்துத்தான் பேசினாராம். இன்று காலை பல்கலைக்கழகக் கூட்ட அறையில் வில்டாவின் குரலும் இறங்கிக்கொண்டே போனது.

அமெரிக்காவின் கென்டக்கி மலைக்குள் இருக்கும் ஊரில், மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவள் அவள். பட்டத்தை முடிக்க அறுபது மைல் தள்ளி இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். அங்கே படித்த கணக்குப் பாடம் இங்கே செல்லாது, மறுபடி படி என்று பதிவாளர் அலுவலகச் சன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் கூடுதல். வகுப்பில் போய் உட்கார்ந்தால், எதிரே நிற்பது ஊர்க் கல்லூரியில் கணக்கு நடத்திய அதே ஆர்வில் கைசர் வாத்தியார்! காலையில் அங்கே, மாலையில் இங்கே பாடம் நடத்திப் பிழைக்கிற மனுஷன். கையில் அதே புத்தகம்.

"உன்ன எங்கயோ பாத்திருக்கேனே பாப்பா," என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம்தான் நிலக்கரித் தூசி நெஞ்சை அடைத்து அவள் அப்பா படுத்த படுக்கையானார். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற்கெனவே தெரிந்த கணக்கை அவள் இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு அதே சன்னலுக்குப் பின்னால் எழுத்தராக உட்கார்ந்து, படிப்படியாக ஏறி, பதினோரு வருடமாகப் பதிவாளராக இருக்கிறாள். இப்போது அவள் ஊர்க் கல்லூரியிலிருந்து செவிலியர் படிப்புக்கு நாற்பத்தொரு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் படித்த புள்ளியியல் செல்லுமா, மறுபடி படிக்க வேண்டுமா? அதை முடிவு செய்யத்தான் கூட்டம்.

"அவங்க தரம் வேற, நம்ம தரம் வேற," என்றார் குழுத் தலைவர் பிரஸ்டன் விட்லோ.

"ரெண்டு எடத்துலயும் புள்ளியியல நெல்டா கிப்ஸன்தானே நடத்துறாங்க?" என்றாள் வில்டா.

"ஆமா. ஆனா இங்க வந்தா நம்ம தரத்துக்கு நடத்துவாங்க."

"ஓஹோ! அறுபது மைல் தாண்டினதும் அந்தம்மாவுக்கு மூளை பெருத்துருமோ?"

ஓரத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். விட்லோவின் முகம் சுண்டியது.

"வில்டா, இத சொந்த விஷயமா எடுத்துக்காதீங்க."

"சொந்த விஷயந்தான் சார். மட்டம்னு நீங்க சொல்ற அந்தக் கல்லூரியில படிச்சவதான், இங்க குடுக்குற ஒவ்வொரு பட்டத்தையும் சரிபாக்குறா."

"சரி, சண்டை வேண்டாம். வந்தவங்களுக்கு ஒரு தேர்வு வைப்போம். தேறினா ஏத்துக்கலாம்."

"தாராளமா வைங்க. போன வருஷம் இங்கயே அந்தப் பாடத்த முடிச்சாங்கல்ல நம்ம பிள்ளைங்க, அவங்களும் எழுதட்டும். அதே நாள், அதே தாள்."

எழுதினால் சொந்த மாணவர்களிலேயே எத்தனை பேர் கவிழ்வார்கள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். விட்லோ கோப்பை மூடினார். மறுபடி படிக்க வேண்டாம் என்பதற்கான வாக்கெடுப்பில் எல்லாக் கைகளும் எழுந்தன, அவருடைய கையும்.

வில்டா வெளியே வந்து, காரில் உட்கார்ந்து அண்ணன் டென்சிலைக் கூப்பிட்டாள்.

"ஜெயிச்சிட்டியா? அடி சக்கை! சாயங்காலம் வா, பீன்ஸும் சோள ரொட்டியும் செஞ்சு வெக்கிறேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமாண்ணே? பத்து நிமிஷம்."

"சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே, அதுக்கு ஏன் இப்படிக் கொதிக்கிற?"

"அன்னிக்கு இங்க உக்காந்திருந்தவன் ஒருத்தன், பத்து நிமிஷம் வாயத் தொறந்திருந்தா, நான் அப்பா பக்கத்துல இருந்திருப்பேன்."

"சாயங்காலம் சோறு ஆறுறதுக்குள்ள வந்துரும்மா," என்றான் டென்சில்.

"சோறு ஆறினா ஆறட்டும்ணே. பாடம் செல்லாதுன்னு அனுப்புன பழைய கடுதாசி எல்லாம் கீழ்த்தளத்துல கெடக்கு. இதுவரைக்கும் எத்தன பேரோட வருஷத்த இவங்க தின்னிருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு, மறுபடி உள்ளே போனாள்.