கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்த ஐம்பத்திரண்டு நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. உத்திரமேரூரில் ஒரு ஜவுளிக் கடையின் மாடி. கடைக்கார பாய் அங்கே நாற்பது நாற்காலி போட்டு, மாதம் ஒரு கச்சேரிக்கு இடம் கொடுத்து வந்தார். அந்த மாடியில் யாருக்கும் மைக் கிடையாது. அன்று பாடவிருந்தவள் என் மகள். கையில் ஒரு கிடார், பக்கவாத்தியம் எதுவும் இல்லை.

முந்தின வருடம் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. பத்து மாதம் பாடவில்லை. “இனி பாடலாம், ஆனால் குரலை அழுத்தவே கூடாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாள் பார்த்தது நான்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் மண்டபங்களில் பாட்டுச் சத்தம் இருக்காது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது ஞாயிறு, அதனால் சனி. காரணங்களை டைரியில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மைக் செட்டை முந்தின நாளே கட்டிவிடுவார்கள் என்பது மட்டும், இருபத்தாறு வருடமாக இதே ஊரில் இருந்தும், எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தே முக்காலுக்கு, எதிரே அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. மாடி ஜன்னல் அதிர்ந்தது. மகள் கிடாரைச் சுருதி சேர்த்துப் பார்த்தாள். கம்பியின் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. “பரவால்லம்மா, கொஞ்சம் ஏத்திப் பாடிக்கறேன்” என்றாள்.

கீழே இறங்கி, கோயில் வாசலுக்கு ஓடினேன். மைக் செட்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முன்பின் தெரியாதவர். சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன்.

“இன்னாமா, அம்மனுக்கே சவுண்டு கொறைக்க சொல்றியா? மெதுவா போட்டா அடுத்த வருசம் என்னிய எவன் கூப்புடுவான்?” என்றார். பிறகு அவராகவே, “வோணும்னா உம் பொண்ணுக்கு ஒரு மைக்கு தரேன். ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி வச்சிக்கினா நம்ம குழாயவே அமுக்கிடலாம்!” என்றார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். இந்த இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காவிட்டால், அவளை அறியாமலே கத்திப் பாடிவிடுவாள் என்றேன்.

“எவ்ளோ நேரம் பாடும்?” என்று கேட்டார்.

“நாப்பது நிமிஷம்.”

அவர் மிஷினை அணைத்தார். பாட்டு நின்றது. உடனே கோயில் பந்தலிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். “டேய், இன்னாடா பாட்டு நின்னுபோச்சி?”

“மிசினு நெருப்பா கொதிக்கிது பெரிப்பா! ஆறட்டும். இல்லாங்காட்டி நாளிக்கு கூழுக்குப் பாட்டே இருக்காது!”

போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகாத மிஷின் அது.

மாடியேறி, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு பாட்டும் எனக்குக் காதில் ஏறவே இல்லை. குரல் எங்கே கரகரக்கும் என்றுதான் காத்திருந்தேன். மூன்றாவது பாட்டில் ஓர் உச்ச இடம் உண்டு. சிகிச்சைக்கு முன் அங்கேதான் குரல் உடையும். மெல்ல ஏறினாள். உடையவில்லை. அதன் பிறகுதான் நான் சரியாக மூச்சு விட்டேன்.

நாற்பது நிமிடம் முடிந்தபோது இன்னும் இரண்டு பாட்டு மிச்சமிருந்தது. கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன். வெளியே ஆட்டோ சத்தம் மட்டும்தான். அவள் முடித்தது ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில். எல்லாரும் கைதட்டி ஓய்ந்ததும், வேப்பமரம் மறுபடி அலறியது.

நன்றி சொல்லப் போனேன். “நாப்பதுன்னியே, சுத்த மோசம்மா நீ! பெரிப்பா மூணு வாட்டி வந்து திட்டிட்டுப் போய்ட்டாரு” என்று இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்லிச் சிரித்தார். “கை தட்ற சத்தம் வரட்டும்னுதான் குந்திக்கினு இருந்தேன். பொண்ணுக்குத் தொண்டை நல்லாக்கீதா?”

நல்லா இருக்கு என்று தலையாட்டினேன்.

சத்தமே பிழைப்பான ஒரு மனிதர், யாரோ ஒரு பெண்ணுக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததால்தான், என் மகளின் குரல் திரும்பி வந்ததை அன்று நான் காதாரக் கேட்டேன்.