பெரியப்பா கையெழுத்துப் போடல

டயகம தோட்டத்துக்குப் போயிட்டு இப்ப ஹட்டன் பஸ்ஸுல அழாத குறையா உக்காந்திருக்கேன்.

நாளைக்குக் காலையில எங்க பிஎச்டி ஆய்வுமுறைப் பயிற்சியில ஒரு பேட்டியாவது காட்டணும். "சம்மதப் படிவத்துல கையெழுத்து இல்லாட்டி அது பேட்டியே இல்ல"ன்னு பயிற்சி குடுக்கிறவரு அடிச்சுச் சொல்லிட்டாரு.

என் தலைப்பு, அறுபதுகள்ல இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆளுங்களோட பிரஜாவுரிமை. நாலு பேரு வாயத் தொறந்து பேசிட்டு, படிவத்தப் பாத்ததும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதான் சொந்தப் பெரியப்பாகிட்டயே போனேன்.

ரெண்டு மணி நேரம் பேசுனாரு. அப்ப யாரோ இவங்க இருந்த லயத்து வீட்டுக்கு வந்து, "இங்கயே இருக்கத்தான் இந்தத் தாளு"ன்னு அவரோட அக்கா புருஷன்கிட்ட கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்களாம். பதில் வந்தப்பதான் அது இந்தியாவுக்குப் போறதுக்கான விண்ணப்பம்னு தெரிஞ்சிச்சாம். அக்கா குடும்பத்தோட கப்பலேறிட்டாங்க. பெரியப்பா அதுக்கப்புறம் அவங்களப் பாக்கவே இல்ல.

நான் படிவத்த நீட்டினேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு.

"கதைய ஊருக்கே சொல்லு, தாயி. தாள மட்டும் நீட்டாத."

"நான் ஒங்க புள்ளதானே பெரியப்பா?"

"அன்னைக்குத் தாளோட வந்தவனும் நம்மாளுதான்."

என் மூணு வருசப் படிப்பு அந்தக் கையெழுத்துக் கோட்டுல நிக்குது. கோட்டுக்கு மேல இன்னும் ஒண்ணும் இல்ல.

ஒங்க வீட்டுலயும் ஒரு படிவத்த நீட்டிப் பாருங்க. யாராச்சும் கைய முன்னால கொண்டு வந்தா எனக்குச் சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுலயே வாறேன்.