குறித்து வைக்காத நிமிடங்கள்

"கிரிஸ்டல் சோதிக்கப்பட்டது. அனுமதித்த வரம்புக்குள் உள்ளது. இயந்திரம் துல்லியமானது."

வெளிறிய கார்பன் பிரதி. கீழே என் கையெழுத்து. மார்கழி மாதம், வியாழக்கிழமை என்பதுவரை தெரிகிறது. ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. தின்றதுதான் தின்றது, அந்த மூன்றாவது வாக்கியத்தையும் சேர்த்துத் தின்றிருக்கலாம்.

இதைத் தேடி எடுக்கவைத்தது போன வாரம் நான் பொழுதுபோக்குக்கு வாங்கிய கடிகார மின்சுற்றுப் பலகை. கூடவந்த தாளில் "துல்லியம்: பத்து லட்சத்துக்கு இருபது" என்று அச்சிட்டிருந்தார்கள். பத்து லட்சம் வினாடி என்பது பதினொன்றரை நாள். அதில் இருபது வினாடி முன்னே பின்னே போகலாம் என்று கடிகாரத்துக்குள் துடிக்கும் படிகத்தை, அதாவது கிரிஸ்டலை, செய்தவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சலுகை அது. கடிகாரம் இந்த நிமிடம் சரியான நேரம் காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தபோது எழுந்த புகையில், சொன்னால் நம்பமாட்டீர்கள், பேரிக்காய் ஜாம் மணந்தது. அந்தச் சான்றை எழுதிய காலத்தில் நான் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் ஒரு மின்னணுப் பழுதுக்கடையில் வேலை பார்த்தேன். கொடைக்கானலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்கூடத்தின் வருகைப்பதிவு இயந்திரத்தை நான் திறந்தபோது உள்ளிருந்து அந்த மணம்தான் வந்தது. அட்டையைச் செருகினால் நேரத்தைக் குத்தித் தரும் பெட்டி. யாரும் நேரத்தை மாற்றிவிடக் கூடாது என்று வாங்கிய அன்றே அரக்கு வைத்து மூடியிருந்தார்கள். இரண்டு மார்கழிக் குளிரைப் பார்த்த அரக்கு.

என்னை அழைக்கக் காரணம் முருகாயி. பூம்பாறைக்காரர், நாற்பது வயதிருக்கும், பாட்டில் கழுவும் பிரிவு. மாலை ஐந்து மணிக்கு முன்பே வெளியேறியதாக அவர் அட்டை மூன்றாம் முறையாகக் காட்டியது. மூன்று முறை என்றால் வேலை போய்விடும்.

"சர்ச்சு மணி அடிச்சப்புறந்தான் சார் நான் கார்டு போட்டேன். பெட்டி அஞ்சடிக்க எட்டு நிமிசம்னு காட்டுது."

"மணி அடிக்கிறவன் மனுசன்," என்றார் மேனேஜர். "இது கிரிஸ்டல். மனுசன் தூங்குவான், கிரிஸ்டல் தூங்குமா?"

"தூங்காதுங்க, கனாக் காணுது. காலையில பூம்பாறை பஸ்சு வர்றதே எட்டடிக்கப் பத்து நிமிசத்துல. கார்டப் பாருங்க, எட்டடிக்கப் பதினாறு நிமிசத்துல உள்ள வந்துட்டேனாம். நான் என்ன பறந்தா வந்தேன்?"

பின்னாலிருந்து ஒரு பெண், "எறக்கை இருந்தா ஏங்க்கா பாட்டில் கழுவுற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது. பேருந்து வருமுன்பே ஆள் வந்ததாக ஒரு அட்டை சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். பெட்டி பின்தங்கினால் காலையில் ஆட்கள் சீக்கிரம் வந்ததாகவும், மாலையில் சீக்கிரம் போனதாகவும் காட்டும். காலைக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. மாலைக் கணக்குக்கு மட்டும் தண்டனை.

பெட்டியை ஜீப்பில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே பேட்டரி இருந்ததால் நேரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கடை மேசையில் வைத்ததும் எந்தப் பழுதுக்காரனும் செய்வதை நானும் செய்தேன்: வானொலியில் நேரம் சொல்லும்போது பெட்டியின் நேரத்தைச் சரியாக வைத்தேன். பிறகு இரண்டு நாள் ஓடவிட்டேன். இரண்டே வினாடிதான் பிந்தியது. வரம்புக்குள். கடைக்காரர் வாசலிலிருந்து, "ஏலே, ரிப்போர்ட்ட வெரசா எழுது, மேல போற ஜீப்பு கெளம்புது" என்றார். எழுதினேன்.

சனிக்கிழமை முருகாயியை அனுப்பிவிட்டார்கள்.

நாளுக்கு ஒரு வினாடி என்றாலே ஆண்டுக்கு ஆறு நிமிடம் என்று பெருக்கிப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. போதாததற்கு அந்த வகைப் படிகம் இதமான சூட்டில்தான் தன் வேகத்தில் துடிக்கும், குளிரில் மந்தமாகும். மலையில் பிந்திய பெட்டியை அடிவாரத்து வெயிலில் வைத்து நல்லது என்று சான்று கொடுத்திருக்கிறேன். அரக்கு வைத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது நிமிடத்துக்குக் குறையாமல் பிந்தியிருக்க வேண்டும்.

முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுவதாக எழுதிய கடிதத்தோடு மேலே போனேன். புதுப் பெட்டி மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு அறிவிப்பு: திங்கள்தோறும் வானொலியைக் கேட்டு நேரம் சரிசெய்யப்படும். ஆக, அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"அப்ப முருகாயிய திரும்பக் கூப்பிடலாமே சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"முடிஞ்சுபோன சோலிய ஏம்ப்பா கெளறுற? கையெழுத்து உன்னதுதான?"

கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பூம்பாறையில் விசாரித்தேன். குடும்பத்தோடு கீழே இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

தொழிற்கூடம் இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. பெட்டி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. வருகிறவர்கள் கையிலிருக்கும் போன்கள் அலைபேசிக் கோபுரத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கின்றன. பிசகினால் தாமாகத் திருத்திக்கொள்கின்றன. பிசகும் என்று ஒப்புக்கொண்ட கடிகாரங்கள். அன்று அந்தத் தொழிற்கூடத்தில் அப்படி ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை.

நான் நேரத்தைச் சரிசெய்வதற்கு முந்தைய நொடியில் அந்தப் பெட்டி எத்தனை நிமிடம் பிந்தியிருந்தது? ஒன்பது என்பது என் கணக்கு. முருகாயியின் பக்கம் நிற்கக்கூடிய ஒரே சாட்சி அந்த எண்தான். அதைக் குறித்து வைக்காமல் அழித்தவன் நான். அந்த ஒன்பது இதுவரை உறுதிப்படவில்லை. இனி உறுதிப்படுத்தவும் வழியில்லை.